அம்மாவின் வலக்கை

நம் திங்களிதழில் எழுதுவோர் பெரும்பாலும் கற்றறிந்த பெருமக்கள். நாங்களோ பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த ஒருவரும், அவருடைய இல்லக்கிழத்தியுமாக இருவர். எழுதுகின்ற கை ஒருவருடையதேயாயினும், இங்கே சொல்லப்படுவன யாவும் இருவரும் சேர்ந்து செய்தவை. இருவரும் சேர்ந்து தவறியவை. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதிச் செல்கின்றோம். சங்கக் கூட்டத்தின்போது அன்பர் இருவர் எங்களைத் தனியே அழைத்து, தத்தம் வீட்டிலும் இத்தகைய நோயுடையார் இருப்பதாகவும், எங்கள் தாயாருக்கு நாங்கள் செய்து வருவதை எழுதினால் உதவியாக இருக்கும் என்றும் கேட்டுக் கொண்டனர். அவர்களுள் ஒருவர் கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக் கொண்டார். அந்தத் தாழ்ந்த குரலுக்காகவே இதனை எழுதத் துணிந்தோம்.

எங்கள் வீடு வண்டிப்பெரியாரில் உள்ளது. வேலை கோட்டயத்தில், ஏனெனில் இடுக்கி மாவட்டத்தில் இருப்புப் பாதை கிடையாது. (முன்னொரு காலத்தில் மூணாற்றுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு இரயில் ஓடிக் கொண்டிருந்தது, 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை வாரிக் கொண்டு போயிற்று. இரயில்வேக்காரரால் இதனைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை, நேயர்கள் பொறுத்தருள்க.) வார ஓய்வு நாளில் பேருந்தேறி மலைக்கு வருவதும், மறுநாள் விடியுமுன் இறங்குவதுமாகக் காலம் செல்கின்றது. எனவே தாயாரைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு மருமகளுடையது என்பதை முதலிலேயே சொல்லி விடுகின்றோம்.

தாயார் கம்பத்துப் பக்கத்திலிருந்து தம் பெற்றோருடன் சிறுமியாக இம்மலைக்கு வந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தார். ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் லயத்தை விட்டு வெளியேறி, மூன்று சென்டு நிலத்தில் இரண்டு அறை வீடு கட்டிக் கொண்டோம். அந்த வீட்டில் பால் காய்ச்சிய மறு ஆண்டு, 2019-இல், அவருடைய வலப்பக்க மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. மலையிறங்கிப் பெரிய மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தனர். பின்னர்க் கதிர்வீச்சும் நடந்தது. உயிர் பிழைத்தார். அதற்காக அங்கிருந்த மருத்துவர்களையும் தாதியரையும் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றோம். எனினும் ஒரு குறை உண்டு. பிற்காலத்தில் கை வீங்கக் கூடும், இன்ன இன்ன கவனம் வேண்டும் என்பதை எவரும் எங்களுக்கு விளங்கும்படி உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் கொடுத்த தாளில் அது ஒரு வரியாக இருந்ததாம். அந்தத் தாள் மாத்திரைச் சீட்டுகளோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

வீக்கத்தை நாங்கள் கண்டு பிடித்தது மருத்துவரிடத்தில் அன்று, கடைத்தெருவுத் தையற்காரரிடத்தில். 2021-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கச் சென்றபோது, “பெரியம்மாவுக்கு வழக்கம்போல வலது கை இரண்டரை அங்குலம் கூட்டி வைக்கட்டுமா?” என்று அவர் கேட்டார். வழக்கம் போலவா! ஓராண்டாகவே தாயார் ஒரு கை அகன்ற ரவிக்கையாகத் தைத்து, முந்தானையை வலத் தோளின் மேலே இழுத்துப் போர்த்திக் கொண்டு நடமாடியிருக்கின்றார். குளிர் என்று நாங்கள் நினைத்தோம். ஏன் மறைத்தார் என்று பிறகு கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் எங்களைத் தலை குனிய வைத்தது. கொழுந்து மிகும் காலத்தில் ஓய்வு பெற்றவர்களையும் தோட்டத்தில் தற்காலிகமாக எடுப்பதுண்டு. கை வீங்கியவள் என்று தெரிந்தால் பிரட்டில் பெயர் விழாது; மகன் தலையில் இன்னொரு வைத்தியச் செலவும் விழும். இவ்விரண்டுக்கும் அஞ்சியே மறைத்தாராம்.

தெரிந்த பிறகு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. “யானைக்கால் கையில் வந்திருக்கின்றது” என்றனர் சிலர். தாயார் குடித்த தம்ளரைத் தனியே வைத்த வீடும் உண்டு. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். யானைக்கால் நோய் கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியிலும், நம் தமிழ்நாட்டில் கும்பகோணத்திலும் பல்லாண்டுகள் மக்களை வாட்டியது. கொசுவால் பரவும் நுண்புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறுவதால் உண்டாவது அது. சேர்த்தலைக் குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையை அகற்றச் சொன்னதுகூட, அதன் வேரில் ஒட்டி வளரும் ஒருவகைக் கொசுவுக்காகத்தான். அந்நோயே தொட்டால் ஒட்டாது. எங்கள் தாயாருக்கு வந்ததோ புழுவாலும் அன்று, கொசுவாலும் அன்று. முடிச்சுகளை எடுத்ததாலும் கதிர்வீச்சாலும் நீர் வடியும் வழி அடைபட்டது, அவ்வளவே. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வீக்கமும், ஊராரின் பார்வையும்.

நிணநீர் என்பது யாது? இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து தசைகளுக்கிடையே தங்கும் நீரையும் புரதத்தையும் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கும் வடிகால் முறை ஒன்று நம் உடம்பெங்கும் பரவிக் கிடக்கின்றது. 1622-ஆம் ஆண்டில் இத்தாலியரான அசெல்லி என்பவர் ஒரு நாயின் குடலருகே வெள்ளை நூல் போன்ற குழாய்களைக் கண்டது முதல் இதனைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்து வந்துள்ளது. கையின் நீர் பெரும்பாலும் அக்குள் முடிச்சுகளின் வழியே செல்ல வேண்டும். அவை போய்விட்டால் நீர் தேங்கும். நாளாக ஆக, தேங்கிய புரதத்தால் தோலும் தடித்து இறுகும். முற்றிலும் நீங்கும் நோய் அன்று இது. அடக்கி வைத்துக் கொண்டு வாழ வேண்டியது.

இதனைத் தாயாருக்கு விளக்க நாங்கள் முல்லைப் பெரியாற்றைத் துணைக்கு அழைத்தோம். மேற்கே ஓடும் ஆற்றை மறித்து, பென்னிகுவிக் துரை மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார் அன்றோ? அதுபோல, அடைபட்ட நீரை வேறு பக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்றோம். (அணைக்குக் கீழே குடியிருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் திண்ணை இரண்டு கட்சியாகி விடும். தாயார் பிறந்தது தண்ணீர் பெற்ற ஊர். வாழ்வது அணையை அண்ணாந்து பார்க்கும் ஊர். அவருக்கு இரு தரப்பும் புரியும்.)

ஆனால் இந்த அறிவெல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் நாங்கள் செய்தது பம்பு வாங்கியதே.

காற்றழுத்தப் பம்பு என்பது ஒரு சிறு பெட்டியும், அதிலிருந்து குழல்களால் இணைக்கப்பட்ட நீண்ட கைப்பையும் ஆகும். பையின் உள்ளே அடுத்தடுத்து அறைகள் உண்டு; எங்களுடையதில் நான்கு. மின்சாரத்தால் காற்று முதலில் விரல் பக்கத்து அறையில் நிறையும். பின்பு முன்கை, முழங்கை, மேற்கை என்று ஒன்றன் பின் ஒன்றாக நிறைந்து கையைப் பிழியும். பின்னர் எல்லாம் தளரும். இப்படியே முக்கால் மணி, ஒரு மணி நேரம். 2022-ஆம் ஆண்டில் ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்து இதனை வாங்கினோம். விற்றவர், “இது ஒன்று போதும், கட்டும் வேண்டாம், உறையும் வேண்டாம்” என்றார். அந்தச் சொல்லை வேதவாக்காகக் கொண்டோம். எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. இது முதல் தவறு.

அழுத்தம் கூடினால் நீர் விரைவில் வடியும் என்று எண்ணிக் குமிழை எண்பதுக்குத் திருப்பினோம். இது இரண்டாவது தவறு. தோலுக்கு அடியிலேயே கிடக்கும் நிணநீர்க் குழாய்கள் மிக மெல்லியவை. பெரும்பாலும் முப்பது முதல் அறுபது மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள், அதுவும் ஆளைப் பார்த்து மருத்துவர் குறிப்பதே முறை. மூன்று வாரத்தில் முன்கை மெலிந்தது. நாங்கள் மகிழ்ந்திருக்கையில் தோளும் மார்பின் ஓரமும் உப்பின. நீர் உடலை விட்டுப் போகவில்லை. அறை மாறிக் குடியேறியிருந்தது.

மூன்றாவது தவறுதான் பெரிது. 2023-ஆம் ஆண்டு ஆடி மாதம், விடாத மழை. வீட்டின் பின்புறம் கீரை பறிக்கச் சென்ற தாயாரின் வலப் புறங்கையில் அட்டை கடித்திருக்கின்றது. இந்த மலையில் அட்டைக் கடியை எவர் பொருட்படுத்துவர்? சுண்ணாம்பைத் தடவி விட்டுப் பேசாமல் இருந்தார். மறுநாள் மாலை கை சிவந்து, சுட்டு, முன்னிலும் வீங்கியது. வீக்கம் கூடியதே என்று மருமகள் பம்பை மாட்டி ஒரு மணிக்குப் பதில் இரண்டு மணி நேரம் ஓட விட்டார்; அவ்வாறு செய்யும்படி தொலைபேசியில் கோட்டயத்திலிருந்து சொன்னவரும் இதனை எழுதுபவரே. நள்ளிரவில் உடல் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். நூற்று மூன்று டிகிரி. பேச்சுத் தடுமாறிற்று. ஜீப்பு ஒன்றைப் பிடித்து ஊர்ச் சமூக நல மையத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்த இளம் மருத்துவர் சினந்து கொள்ளவில்லை. “தோலுக்கடியில் கிருமி பரவியிருக்கின்றது. இந்நிலையில் பம்பைத் தொடவே கூடாது” என்று மட்டும் சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றி, மேலிடத்துக்கு அனுப்பினார். பத்து நாள் படுக்கை.

அந்தப் பத்து நாளும் எங்களிடையே பேச்சு மிகக் குறைவு. ஆளுக்கு ஆள் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக் கொண்டோம். சில வேளை மற்றவர் தலையிலும் போட்டோம். ஒரு நாள் விடியற்காலையில் தாயார் கண் விழித்து, “இந்தக் கையை வெட்டி எறிஞ்சுட்டா உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்ட கை அது. எங்களுக்கு அழுகையை அடக்க இயலவில்லை.

ஊர் திரும்பியதும் பம்பைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டார் தாயார். அதனைக் கீழே இறக்கியது மதுரையில் இவ்வீக்கத்துக்கென்றே பயிற்சி பெற்ற ஓர் அம்மையார். தாயாரின் மறு பரிசோதனையும் மதுரைக்கு மாறியிருந்தமையால் அவரைக் காண வழி பிறந்தது. தேனிக்கு இரயில் மீண்டும் வந்ததும் உதவிற்று. 2010-இன் இறுதியில் மீட்டர்கேஜ் நிறுத்தப்பட்டு, பன்னிரண்டாம் ஆண்டு 2022 மே மாதத்தில் அகலப் பாதையில் மதுரை வண்டி ஓடத் தொடங்கியது. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி, கம்பம் வழியாகத் தேனி வரையில் பேருந்து, அப்பால் இரயில். எங்களுக்குப் பாஸ் உண்டு. அஃதில்லாத அன்பர்கள் அறியும் பொருட்டுச் சொல்லுகின்றோம்: சிகிச்சைக்காகவும் மறு பரிசோதனைக்காகவும் செல்லும் புற்றுநோயாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும், மருத்துவமனைச் சான்றைக் காட்டினால் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டா.

அந்த அம்மையார் பம்பைப் பார்த்துச் சிரித்தார். “இது வேலைக்காரன், எசமான் அல்லன்” என்றார். பின்பு எங்களை உட்கார வைத்து இரண்டு நாள் கற்பித்தார். முதலில் கழுத்தோரம், அடுத்து இடது அக்குள், பிறகு வலப் பக்க இடுப்பின் கீழ் ஆகிய இடங்களில் மிக மெதுவாகத் தோலை மட்டும் நகர்த்துவது போலத் தடவ வேண்டும்; எண்ணெய் தேய்ப்பது போல அழுத்தலாகாது. கையில் தடவும்போதும் தோளிலிருந்து தொடங்கி, பிறகே கீழே வர வேண்டும். டென்மார்க்குக்காரரான வோடர் என்பவர் 1930-களில் வகுத்த முறையாம். எங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றியது. தாயார்தாம் உடனே விளங்கிக் கொண்டார்: “வயல்ல தண்ணி நின்னா, முதல்ல வாய்க்கா கடைசியைத் தானே வெட்டி விடணும்? அங்கே வழி இல்லாம இங்கே தள்ளி என்ன செய்ய?” அம்மையார் அவரைத் தழுவிக் கொண்டார்.

இதன் பிறகே பம்பு. நாற்பது அளவுக்கு மேல் போகாமல், முக்கால் மணி. கழற்றிய உடனே கட்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் போல இழுபடும் கட்டு உதவாது. மிகுதியாக இழுபடாத வகை வேண்டும். உள்ளே பஞ்சு, அதன் மேல் விரல்களிலிருந்து தொடங்கிக் கட்டு, மேலே செல்லச் செல்லத் தளர்வு. பம்பு நீரைத்தான் நகர்த்துமேயன்றிப் புரதம் அங்கேயே தங்கும். கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டோ உறையோ இன்றேல் விடிவதற்குள் நீர் திரும்பி வந்துவிடும். சில மாதங்களில் கை ஒரு நிலைக்கு வந்ததும் அளவெடுத்துச் செய்த அழுத்த உறை. பகலில் அது, இரவில் கட்டு. உறை ஆறு மாதத்தில் தளர்ந்து போகும். புதிது வாங்கியே தீர வேண்டும். அதில் சிக்கனம் பார்த்து ஒருமுறை கெட்டோம்.

திரும்பி வந்ததும் எழுத்தருக்குத் தெரிந்த ஒரே வித்தையை நாங்கள் கையாண்டோம்: பதிவேடு. நீள அட்டை நோட்டில் கோடு போட்டு, மணிக்கட்டு, முன்கை நடு, முழங்கைக்கு மேல் பத்து சென்டிமீட்டர் என மூன்று இடத்திலும் இரு கைகளின் சுற்றளவு; பம்பு எத்தனை நிமிடம்; கட்டு உண்டா, இல்லையா; காய்ச்சல்; கைச்சிவப்பு. காலையில் ஒரே நேரத்தில் அளத்தல். தொடக்கத்தில் மேற்கை வலம் முப்பத்தாறு சென்டிமீட்டர், இடம் முப்பது. மருமகள் தொலைபேசியில் எண்களைச் சொல்ல, கோட்டயத்தில் இன்னொரு படி எழுதப்படும். நண்பர்கள் கேலி செய்தனர். ஆனால் எங்களுக்குப் புத்தி வந்தது அந்த நோட்டைப் பார்த்தே. பம்பு மட்டும் ஓடி, கட்டுக் கட்டாத நாள்களின் மறுநாட் காலையில் அளவு பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. மின்சாரம் இன்றிப் பம்பு ஓடாது, தடவலும் கட்டும் மட்டும் நடந்த நாள்களிலோ பெரிதாக ஏறவில்லை. எசமான் யார், வேலைக்காரன் யார் என்பது எண்களில் கிடந்தது.

மின்சாரம் என்றதும் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் மரம் சாய்ந்து இரண்டு நாள், மூன்று நாள் விளக்கில்லாமல் இருப்பது எங்களுக்குப் புதிதன்று. பம்பு இழுக்கும் மின்சாரம் சொற்பமே. வீட்டு இன்வர்ட்டர் தாங்கும். அதுவும் தீர்ந்தால் தீரட்டும் என்று இப்பொழுது அஞ்சாமல் இருக்கின்றோம்.

காய்ச்சல், கைச்சிவப்பு, காலில் இரத்தக் கட்டி, இதயத் தளர்ச்சியால் மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் பம்பு கூடாது, மருத்துவரே முதலில். ஓடிக் கொண்டிருக்கும்போது மார்போ தோளோ உப்பினாலும் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். தாயாரின் தலைமாட்டில் இதனைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். பேரன்தான் எழுதினான், இரண்டு பிழைகளுடன். தோலைக் காப்பதில் இப்பொழுது தாயார் எங்களைக் காட்டிலும் கண்டிப்பு. நாளும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, களிம்பு தடவுகின்றார்; கீரை பறிக்கக் கையுறை; அட்டைக்குக் காலுறையில் புகையிலைத் தூள். ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் இடக்கையையே நீட்டுவார். அந்த அச்சம் முன்னளவு வேண்டியதில்லை என்று இக்கால மருத்துவர் சிலர் கூறினும் அவர் கேட்பதில்லை, நாங்களும் வற்புறுத்துவதில்லை.

வேலை செய்யலாமா என்பதில் எங்களுக்கும் அவருக்கும் பெரும் வழக்கு. வலக்கையால் ஒரு குடம்கூடத் தூக்கலாகாது என்று நாங்கள் காவல் நின்றோம். மதுரை அம்மையார் அதனையும் மாற்றினார். 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் பெண்மணியார் இத்தகைய கையுடைய மாதரைக் கொண்டே ஆராய்ந்து, சிறிது சிறிதாகப் பளு கூட்டிச் செய்யும் பயிற்சியால் வீக்கம் மிகவில்லை என்று காட்டினாராம். உறையை அணிந்து கொண்டு, அரைக் கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம் என்றார். தாயார் எங்களைப் பார்த்த பார்வை இருக்கின்றதே! அன்று மாலையே அரைப்படி அரிசியைத் துணிப்பையில் கட்டி வலக்கையால் தூக்கி இறக்கத் தொடங்கினார். பேத்தியைத் தூக்குவதுதான் அவர் குறியாக இருந்தது என்பது, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் தூக்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பிரட்டுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார். ஒருமுறை பழைய தோழியருடன் மலைச்சரிவுக்குச் சென்று வந்து, “இப்போ எல்லாரும் கத்தரியால வெட்டுறாங்க; அது கொழுந்தெடுக்கிறது இல்லை, முடி வெட்டுறது” என்று சொல்லிவிட்டார். அந்த நொண்டிச் சாக்கை நாங்கள் அப்படியே ஒப்புக் கொண்டோம்.

நோட்டில் இப்பொழுது மேற்கை வலம் முப்பத்திரண்டரை. அதற்குக் கீழே வருமா என்று கேட்டால், மதுரை அம்மையார், “இதே இடத்தில் நிறுத்தி வைப்பதே வெற்றி” என்கின்றார். சென்ற பொங்கலுக்குத் தாயார் தையற்காரரிடம் தாமே சென்றார். முந்தானையை விலக்கி, உறையைக் கழற்றி, கடையில் நால்வர் நிற்கையிலேயே கையை நீட்டி அளக்கச் சொன்னாராம். தையற்காரர் அளந்து பார்த்துவிட்டு, “ஓர் அங்குலம் கூட்டினால் போதும் பெரியம்மா” என்றாராம். அதற்கு இவர், “முக்கால் வையி; நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கின்றார்.